கிளாஸ்டோஜோ: ஆறாம் வகுப்பில் இரண்டு கல்வியாண்டுகள்

கிளாஸ்டோஜோ என்னும் கைப்பேசிச் செயலியைக் காவிரி டெல்டாவில் உள்ள ஓர் அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில், ஆறாம் வகுப்பின் வகுப்பாசிரியையாக இருந்து, தொடர்ந்து இரண்டு கல்வியாண்டுகள் பயன்படுத்தியிருக்கிறேன். முதலாண்டில் 38 பிள்ளைகள், இரண்டாம் ஆண்டில் 41 பிள்ளைகள். பிள்ளைகளின் நடத்தைக்குப் புள்ளி இட்டு, அதைப் பெற்றோருக்கும் காட்டும் இந்தச் செயலியைத் தாங்களும் எடுத்துக்கொள்ளலாமா என்று சக ஆசிரியர்கள் என்னிடம் கேட்கிறார்கள். ஒரு சொல்லில் ஆம் என்றோ இல்லை என்றோ என்னால் சொல்ல முடியவில்லை. முதலாண்டில் நான் இதைக் கையாண்ட விதம் ஒரு பிள்ளையின் உடம்பில் காயமாக முடிந்தது. இரண்டாம் ஆண்டில் அதே செயலிதான் என் வகுப்பில் நான் பார்க்கத் தவறியிருந்த பிள்ளைகளை எனக்குக் காட்டிக் கொடுத்தது. இரண்டையும் சொன்னால்தான் இந்த மதிப்பீடு நேர்மையானதாக இருக்கும்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாம் சௌத்ரி, லியம் டான் என்ற இருவர் 2011இல் தொடங்கிய நிறுவனம் இது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் இருந்து இயங்குகிறது. ஆசிரியர்களுக்குக் கட்டணம் இல்லை. பெற்றோருக்கென்று கூடுதல் வசதிகள் கொண்ட கட்டணத் திட்டம் ஒன்றை விற்று வருவாய் ஈட்டுகிறார்கள். வகுப்பின் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் பதிந்தவுடன் ஒவ்வொரு பெயருக்கும் வண்ணமயமான ஒரு குட்டிப் பூத உருவம் வந்து அமர்கிறது. ஒரு பெயரைத் தொட்டால் இரண்டு பகுதிகள் திறக்கின்றன. ஒன்றில் பாராட்டுக்குரிய நடத்தைகள் இருக்கும்: பிறருக்கு உதவுதல், பங்கேற்றல், விடாமுயற்சி போன்றவை. மற்றொன்றில் திருத்திக்கொள்ள வேண்டியவை இருக்கும். முதலாவதைத் தொட்டால் புள்ளி கூடும், இரண்டாவதைத் தொட்டால் குறையும். இரண்டுக்கும் தனித்தனி ஒலி உண்டு. ஒவ்வொரு நடத்தைக்கும் எத்தனை புள்ளி என்பதை ஒன்று முதல் ஐந்து வரை நாமே வைத்துக்கொள்ளலாம். பெயர்களை நீக்கலாம், சேர்க்கலாம், தமிழிலேயே எழுதிக்கொள்ளலாம். பெற்றோர் அழைப்புக் குறியீட்டைக் கொண்டு இணைந்தால் தங்கள் பிள்ளையின் புள்ளிகளை மட்டும் பார்க்கலாம், ஆசிரியருக்குச் செய்தி அனுப்பலாம். நாள் வாரியாகவும் வாரம் வாரியாகவும் ஒரு வளைய வரைபடம் அறிக்கையாகக் கிடைக்கும்.

இப்படி ஒன்று நம் பள்ளிகளுக்கு ஏன் தேவைப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் கல்வி விதிகளின் 51ஆம் விதி 2003இல் திருத்தப்பட்டபோதே பிள்ளைகளுக்கு உடல் வலியோ மன வலியோ தரும் தண்டனை இங்கே தடை செய்யப்பட்டது. பின்னர் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் நாடு முழுவதற்குமாகத் தடுத்தது. இந்தத் தடையை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். ஆனால் பிரம்பைக் கீழே வைக்கச் சொன்னவர்கள், வைத்த பிறகு 40 பிள்ளைகள் இருக்கும் அறையில் மதிய உணவுக்குப் பிந்தைய பாடவேளையை எப்படி நடத்துவது என்பதை ஆசிரியருக்குப் போதுமான அளவு கற்றுத்தரவில்லை. பி.எட். படிப்பில் பாடத்திட்டக் குறிப்பு எழுதப் பழகியது போல, ஒருவனோடு ஒருவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இரண்டு பையன்களுக்கு நடுவில் என்ன சொற்களைச் சொல்ல வேண்டும் என்பதை நான் பழகியதில்லை. பெற்றோரும் பழைய வழக்கிலேயே இருக்கிறார்கள். சேர்க்கைக்கு வரும்போதே, "டீச்சர், சொன்ன பேச்சு கேக்கலைன்னா நல்லா ரெண்டு போடுங்க, நாங்க வந்து ஏன்னு கேக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போகும் தாய்மாரை எல்லா ஆசிரியர்களும் அறிவார்கள். இந்த வெற்றிடத்தில்தான் ஒரு கருவியைத் தேடுகிறோம்.

நடத்தையை எண்ணிக்கையாக்கும் வழக்கம் வெளிநாட்டில் இருந்து நேற்று வந்து இறங்கியது என்று நினைத்துவிடக் கூடாது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் நாட்டுப்புறப் பள்ளிகளைப் பற்றி விவரம் கேட்டபோது, பெல்லாரி மாவட்ட ஆட்சியர் கேம்பல் 1823இல் அனுப்பிய அறிக்கையில் ஒரு காட்சி இருக்கிறது. காலையில் பள்ளிக்கு முதலில் வந்து சேரும் பிள்ளையின் உள்ளங்கையில் பாராட்டாகச் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள், இரண்டாவதாக வருபவன் கையில், பாராட்டும் இல்லை பழியும் இல்லை என்பதற்கு அடையாளமாக ஒரு சுழியம், மூன்றாவதாக வருபவனுக்கு மெல்லிய ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதற்குப் பின் வருகிறவர்களுக்கு வரிசைப்படி ஒவ்வொன்று கூடும். கூட்டல், சுழியம், கழித்தல் மூன்றும் அங்கேயே இருக்கின்றன. அதற்கும் முன்பே, 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், பிள்ளைகளின் தவறுகளை ஒரு கறுப்புப் புத்தகத்தில் குறித்து, வாரம் ஒரு முறை பிள்ளைகளையே நடுவர்களாக உட்காரவைத்து விசாரித்தார். நம் தலைமுறை கண்டது, ஆசிரியர் இல்லாத நேரத்தில் வகுப்புத் தலைவன் கரும்பலகையின் ஓரத்தில் எழுதும் 'பேசியவர்கள்' பட்டியல். மறுபடியும் பேசினால் பெயருக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி விழும். அந்தப் பட்டியலில் தலைவனின் நண்பர்கள் பெயர் ஒரு நாளும் இருக்காது என்பதை அன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாம் எல்லோருமே அறிந்திருந்தோம். இதை இங்கே நினைவுபடுத்துவதற்குக் காரணம் உண்டு. முதலாண்டில் நான் செய்தது, அந்தக் கரும்பலகை ஓரத்தை ஒளிரும் திரையில் மீண்டும் எழுதிய வேலைதான்.

எங்கள் பள்ளிக்குத் தொடுதிரைப் பலகை வந்த ஆண்டு அது. தலைமையாசிரியரின் அனுமதியோடு செயலியைத் திரையில் திறந்து வைத்து, பாடம் நடக்கும்போதே புள்ளி இட்டேன். முதல் மூன்று வாரங்கள் நான் இருபது ஆண்டுகளில் காணாத அமைதியைக் கண்டேன். பூத உருவங்களைப் பார்ப்பதற்காகவே பிள்ளைகள் காலை வணக்கக் கூட்டம் முடிந்ததும் ஓடி வந்து உட்கார்ந்தார்கள். நோட்டைத் திறந்து வைத்திருந்தால் ஒன்று, கை உயர்த்திப் பேசினால் ஒன்று, பக்கத்துப் பிள்ளைக்குப் பேனா கொடுத்தால் ஒன்று என்று அள்ளி வழங்கினேன். வீட்டுப்பாடம் எழுதாததற்கும், குறுக்கே பேசியதற்கும், இடத்தை விட்டு எழுந்ததற்கும் குறைத்தேன். நான்காம் வாரத்தில் திரையைக் கூர்ந்து பார்த்தபோது வகுப்பு மூன்றாகப் பிரிந்திருப்பது தெரிந்தது. ஏழெட்டுப் பேர் மிக உயரத்தில் இருந்தார்கள். ஐந்து பையன்கள் சுழியத்துக்குக் கீழே சிவப்பில் கிடந்தார்கள். மற்றவர்கள் இடையில் எங்கேயோ இருந்தார்கள். கீழே கிடந்த ஐவருக்கும் இனி மேலே வர வழி இல்லை என்பது அவர்களுக்கு என்னைவிட முன்பே புரிந்துவிட்டது. எத்தனை குறையும் என்பதையே அவர்கள் ஒரு போட்டியாக்கிக்கொண்டார்கள். "டீச்சர், நான் இன்னிக்கு மைனஸ் பதினாலு" என்று ஒருவன் சொன்னபோது அதில் இருந்த பெருமையை நான் அன்று அடாவடி என்று எடுத்துக்கொண்டேன். எந்த வழியிலாவது முதலிடம் கிடைக்காதா என்று ஒரு பிள்ளை தேடுவதை நான் பார்க்கவில்லை.

அந்த ஐவரில் ஒருவனுக்கு ஒரு நாள் பிற்பகல், அடுத்தவனின் ஜாமெட்ரி பாக்ஸைத் தூக்கி எறிந்ததற்காக, ஒரே தொடுகையில் ஐந்து புள்ளி குறைத்தேன். நடத்தையின் பெயராக 'முரட்டுத்தனம்' என்று நானே தமிழில் எழுதி வைத்திருந்தேன். அவனுடைய அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குபவர். இரண்டு வாரம் முன்புதான் நானே அவருடைய கைப்பேசியில் செயலியைப் பதிந்து கொடுத்திருந்தேன். அன்று மாலை அவர் அதைத் திறந்து பார்த்திருக்கிறார். மறுநாள் பையன் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக உட்கார்ந்திருந்தான். உணவு இடைவேளையில் தட்டு கழுவக் குழாயடியில் குனிந்தபோதுதான் அவன் கெண்டைக்காலில் வரிவரியாக இருந்த தழும்புகளைப் பார்த்தேன். கேட்டதற்குக் கீழே விழுந்துவிட்டதாகச் சொன்னான். அந்த அடிக்குச் செயலியைக் குற்றம் சொல்வது நியாயம் ஆகாது. அதை அந்த அப்பாவின் மீது மட்டும் சுமத்துவதும் நியாயம் ஆகாது. வகுப்பில் அடிக்கக் கூடாது என்று சட்டம் சொன்னதை நான் மீறவில்லை. அடிக்க வேண்டிய காரணத்தை மட்டும் எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஜாமெட்ரி பாக்ஸ் ஏன் பறந்தது என்பதற்குச் செயலியில் ஓர் இடமும் இல்லை, நானும் கேட்கவில்லை. அவன் தம்பியைப் பற்றி அடுத்தவன் ஏதோ சொன்னதாகப் பிறகுதான் தெரிந்தது. அன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் நெடுநேரம் பேசினேன். அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: "தப்பு பண்ணினான்னு எனக்கு ஏன் டீச்சர் அனுப்புனீங்க, நான் என்ன செய்யணும்னு நெனச்சீங்க?"

அந்தக் கேள்வியை நான் இந்தச் செயலியைப் பயன்படுத்தும் ஒவ்வோர் ஆசிரியருக்கும் முன்னால் வைக்கிறேன். குறைப்புள்ளி என்பது வகுப்புக்குள் நடந்த ஒன்றைப் பற்றி, வகுப்பில் இல்லாத ஒருவருக்கு, காரணமும் சூழலும் இல்லாமல் போய்ச் சேரும் ஓர் எண். அதைப் பெறும் தாயோ தந்தையோ நாள் முழுதும் உழைத்துக் களைத்திருப்பார். அந்த எண்ணைக் கொண்டு என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அவர் அறிந்த வழி ஒன்றுதான். மேலும், சிவப்பில் கிடக்கும் ஒரு பெயரை நாள் முழுதும் 40 பேர் முன்னால் ஒளிரவிடுவது மனத் துன்புறுத்தல் ஆகாது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. பெஞ்சின் மேல் ஏறி நிற்கவைப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, பிள்ளைக்குக் கால் வலிக்காது என்பது மட்டும்தான்.

பாராட்டுப் புள்ளியிலும் ஒரு சிக்கல் இருந்தது, அதை உணரத்தான் எனக்கு அதிக நாள் ஆயிற்று. இரண்டாம் பருவத்தில் எதைச் செய்யச் சொன்னாலும், "இதுக்குப் பாயிண்ட் உண்டா டீச்சர்?" என்ற கேள்வி முதலில் வரத் தொடங்கியது. யாரும் சொல்லாமலே தினமும் கரும்பலகையைத் துடைத்து வைக்கும் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். ஒரு நாள் அதற்கு இரண்டு புள்ளி இட்டேன். அடுத்த வாரம் எனக்கு வேறு வேலை இருந்ததால் புள்ளி இடவில்லை; அவள் துடைப்பதை நிறுத்திவிட்டாள். இது புதிய செய்தி இல்லை என்பது பின்னர் படித்தபோது தெரிந்தது. 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள், படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பம் உள்ள மழலைப் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள், எந்தப் பரிசும் இல்லாமல் வரைந்த பிள்ளைகளைவிடக் குறைவான நேரமே தாமாக வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு கிடைத்தவர்களிடம் அந்தத் தேய்வு காணப்படவில்லை. தானாக நடந்துகொண்டிருக்கும் நல்ல செயலுக்கு விலை வைத்துவிட்டால், விலை நின்ற நாளில் செயலும் நின்றுவிடும் என்பதை என் வகுப்பின் கரும்பலகை எனக்குக் காட்டியது.

முதலாண்டின் இறுதியில் செயலியை விட்டுவிடலாம் என்றுதான் முடிவு செய்திருந்தேன். கோடை விடுமுறையில் கணக்கை நீக்குவதற்கு முன்பு, பழைய அறிக்கைகளைப் பெயர் பெயராகத் திறந்து பார்த்தேன். அந்தப் பிற்பகல்தான் என் கருத்தை மாற்றியது. நான் கொடுத்த பாராட்டுப் புள்ளிகளில் பாதிக்கு மேல் ஒன்பது பெயர்களுக்குப் போயிருந்தன. அந்த ஒன்பது பேரில் ஏழு பேர் முன் இரண்டு பெஞ்சுகளில் உட்கார்ந்தவர்கள். குறைப்புள்ளிகள் பெரும்பாலும் கடைசிப் பெஞ்சின் ஐவருக்கு. என்னை உறங்கவிடாமல் செய்தது இவை இரண்டும் இல்லை. ஜன்னல் ஓரம் நடு வரிசையில் இருந்த ஆறு பெண் பிள்ளைகளுக்கு மூன்று மாதங்களில் ஏறத்தாழ ஒன்றுமே பதிவாகவில்லை. கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. அவர்கள் தினமும் வந்தார்கள், எழுதினார்கள், போனார்கள். கேம்பலின் அறிக்கையில் இரண்டாவதாக வரும் பிள்ளையின் கையில் எழுதப்பட்ட சுழியத்தைப் போல அவர்கள் என் கண்ணில் விழுந்திருக்கிறார்கள். நான் பாரபட்சம் இல்லாதவள் என்று இருபது ஆண்டுகள் நம்பியிருந்தேன். என் விரல் தொட்ட இடங்களின் கணக்கு வேறு விதமாகச் சொன்னது. பிள்ளைகளை அளக்கிறேன் என்று எண்ணிக்கொண்டு என் கவனத்தை அளந்து வைத்திருக்கிறேன். இந்தச் செயலியில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பயன் இதுதான். நிறுவனம் தன் விளம்பரங்களில் முன்வைப்பது இதை இல்லை என்றாலும், என் பார்வையில் இதற்காகவே ஓர் ஆசிரியர் ஓராண்டாவது இதைப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

எனவே இரண்டாம் ஆண்டில் வகுப்பு தொடங்கும் முன்பே அமைப்புகளை மாற்றினேன். திருத்திக்கொள்ள வேண்டியவை என்ற பகுதியில் இருந்த எல்லாவற்றையும் நீக்கினேன். நான் கண்டவரை அதற்குத் தடை ஏதும் இல்லை, ஐந்து நிமிட வேலைதான். ஆனால் செயலியைப் புதிதாகத் திறக்கும் ஆசிரியருக்கு அந்தப் பகுதி தயாராக நிரப்பப்பட்டே கிடைக்கிறது என்பது என் முதல் குறை. வேண்டுமென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வெறுமையாக விட்டிருந்தால், என்னைப் போன்ற பலர் அந்த வழியில் அடியெடுத்தே வைத்திருக்க மாட்டார்கள். அடுத்து, புள்ளிகளின் மொத்தம் திரையில் தெரியாதபடி மறைத்தேன். சொல்லப்போனால் பலகையில் செயலியைத் திறப்பதையே நிறுத்திவிட்டு, என் கைப்பேசியிலேயே வைத்துக்கொண்டேன். பாராட்டுக்குரிய நடத்தைகளைத் தமிழில் எழுதினேன். 'நன்றாக நடந்துகொண்டாய்' போன்ற பொதுவான பெயர்களைத் தவிர்த்து, பிள்ளைக்குத் தான் என்ன செய்தோம் என்று தெளிவாகத் தெரியும் பெயர்களாக வைத்தேன்: புரியவில்லை என்று துணிந்து கேட்டாள், தோழனின் பேச்சு முடியும்வரை காத்திருந்தான், சண்டையை விலக்கினான், தவறை ஒப்புக்கொண்டாள். கடைசியாகச் சொன்னதுதான் என் வகுப்பில் அதிகம் மதிக்கப்பட்டதாக மாறியது என்பதில் எனக்கு இன்றும் மகிழ்ச்சி.

தனிப் பெயர்களுக்குப் பதில் குழுக்களுக்குப் புள்ளி இடவும் வழி இருக்கிறது. இதன் மூலக் கருத்து 1969இல் அமெரிக்காவின் நான்காம் வகுப்பு ஒன்றில் நடந்த ஆய்வில் இருந்து வருவது. வகுப்பை இரண்டு அணிகளாக்கி, இடையூறு குறைந்த அணிக்கு, அல்லது இரண்டுமே குறைத்துக்கொண்டால் இரண்டுக்கும், சிறு சலுகைகள் தந்தார்கள். இடையூறு பெருமளவு குறைந்தது. நான் ஏழு பேர் கொண்ட ஆறு குழுக்களாக வைத்தேன். ஒரு குழுவில் மட்டும் ஆறு பேர். மதியத்துக்குப் பிந்தைய பாடவேளையில் மட்டும் இதைப் பயன்படுத்தினேன். எல்லாக் குழுக்களும் எட்டிவிடக்கூடிய இலக்கை வைப்பதும், பரிசாகப் பொருள் எதையும் தராமல் கடைசிப் பத்து நிமிடங்கள் கதை சொல்வதும் எனக்குப் பலன் தந்தன. ஒரு குழு தொடர்ந்து பின்தங்கும்போது, யாரால் புள்ளி போயிற்று என்று குழுவே ஒருவனைக் குறிவைக்கத் தொடங்கும். அந்த அறிகுறி தெரிந்த அன்றே குழுக்களைக் கலைத்து அடுக்க வேண்டும். இதைச் செயலி நமக்குச் சொல்லாது, பிள்ளைகளின் முகம்தான் சொல்லும்.

பெற்றோர் பகுதியைப் பற்றித் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் பகுதியில் பள்ளியில் இருந்து அழைப்பு வந்தால் பிள்ளைக்குக் காய்ச்சல், அல்லது பிள்ளை ஏதோ வம்பு செய்துவிட்டான் என்ற இரண்டு பொருள்தான் உண்டு. இரண்டாம் ஆண்டில் நாளொன்றுக்கு மூன்று பெற்றோருக்கு, அவர்கள் பிள்ளை அன்று செய்த ஒரு நல்ல செயலை இரண்டு வரியில் எழுதி அனுப்புவது என்று வைத்துக்கொண்டேன். 41 பேருக்கும் சுற்றி வர ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு தாய், என் செய்தியைத் தன்னோடு வேலை செய்தவர்களிடம் வாசித்துக் காட்டியதாக மகள் வந்து சொன்னாள். அந்தப் பிள்ளை அதுவரை என்னிடம் தானாக வந்து ஒரு சொல் பேசியதில்லை. முதலாண்டு அறிக்கையில் நான் கண்ட அந்த ஜன்னல் ஓரத்துப் பிள்ளைகளைப் போன்றவள். ஆனால் 41 குடும்பங்களில் 26 மட்டுமே செயலியில் இணைந்தன. பொத்தான் கைப்பேசி மட்டும் உள்ள வீடுகளும், ஒரே கைப்பேசியை அப்பா வெளியூர் வேலைக்கு எடுத்துச் சென்றுவிடும் வீடுகளும், பாட்டி வளர்க்கும் பிள்ளைகளும் மீதியில் இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டால், ஏற்கெனவே வசதியுள்ள வீட்டுக்கே நல்ல செய்தியும் போகும். அந்த 15 பேருக்கும் அதே இரண்டு வரியைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். காகிதத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்த வீடுகளை நானே பார்த்தேன்.

செயலியோடு வரும் சிறு கருவிகளை விரைவாகச் சொல்லிவிடலாம். நேரக் கணிப்பான் நன்றாக உள்ளது. குலுக்கல் முறையில் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்துத் தரும் வசதி, கை உயர்த்தும் அதே நான்கு பேரிடம் கேள்வி போவதைத் தடுக்கிறது. ஆனால் தயங்கும் பிள்ளையின் பெயர் வந்தால் பக்கத்துப் பிள்ளையோடு கலந்து பேசிச் சொல்ல அனுமதிக்க வேண்டும், இல்லையென்றால் அதுவே அச்சமாகிவிடும். சத்தத்தை அளக்கும் கருவி, நான்கு மின்விசிறிகள் ஓடும், அடுத்த வகுப்பை அரைச்சுவர் மட்டும் பிரிக்கும் எங்கள் அறை போன்ற இடங்களுக்குப் பொருந்தாது.

பிள்ளைகளின் தகவல் பற்றிய கேள்வியை யாரும் ஒதுக்கிவிடக் கூடாது. 2014 இறுதியில் அமெரிக்காவில் ஒரு நாளிதழ், இந்தச் செயலி பிள்ளைகளின் நடத்தைப் பதிவுகளைச் சேர்த்து வைப்பது குறித்துப் பெற்றோரிடமும் வல்லுநர்களிடமும் உள்ள கவலையை விரிவாக எழுதியது. அதைத் தொடர்ந்து, நடத்தைப் புள்ளிகளை ஒரு கல்வியாண்டுக்கு மேல் வைத்திருப்பதில்லை என்று நிறுவனம் அறிவித்தது. அந்த முடிவை நான் வரவேற்கிறேன். பதினொரு வயதில் எறிந்த ஜாமெட்ரி பாக்ஸ் எந்தப் பிள்ளையையும் பதினைந்து வயதுவரை துரத்தக் கூடாது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரையும் குழந்தைகள் என்றே கொள்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் தேவை என்கிறது. அவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதையும் பொதுவாகத் தடுக்கிறது, கல்வி நிறுவனங்களுக்கு வரையறுத்த விலக்குகள் இருந்தாலும். ஆகவே தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் செயலியைத் திறந்து காட்டி விளக்குங்கள். ஒப்புதல் தராத பெற்றோரின் பிள்ளையைப் பதியாதீர்கள், அந்தப் பிள்ளைக்கு எதுவும் குறைந்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் முழுப் பெயருக்குப் பதில் அழைக்கும் பெயரை மட்டும் பதிந்தேன். ஒளிப்படம் எதையும் ஏற்றவில்லை. சாதி, உடல்நலம், குடும்பச் சிக்கல் பற்றி ஒரு சொல்லையும் அதில் எழுதக் கூடாது.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? மூன்றாம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரை எடுக்கும், நாளொன்றுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கக்கூடிய, குறைப்புள்ளிகளை முழுவதுமாக நீக்கிவிடச் சம்மதிக்கும் ஆசிரியருக்குப் பரிந்துரைப்பேன். எட்டாம் வகுப்புக்கு மேல் வேண்டாம். அந்த வயதுப் பிள்ளைகள் பூத உருவத்தையும் புள்ளியையும் தங்களைச் சிறுபிள்ளையாக்கும் செயலாகவே எடுத்துக்கொள்கிறார்கள், அவர்களோடு உட்கார்ந்து பேசித்தான் விதிகளை உருவாக்க வேண்டும். ஓயாமல் சண்டையிடும், திடீரென்று ஒடுங்கிப்போகும், பள்ளிக்கு வரவே அஞ்சும் பிள்ளைக்கு இது எந்த விதத்திலும் மருந்தாகாது. அத்தகைய பிள்ளைக்காக 14417 என்ற பள்ளிக் கல்வி உதவி எண்ணையோ, ஆபத்து இருப்பதாகத் தோன்றினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையோ அழைப்பதுதான் முறை. கைப்பேசி இணைப்புச் சரியாகக் கிடைக்காத ஊரில் பணிபுரிபவர்கள் வருத்தப்பட ஒன்றும் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டில் பெயர்களை இடப்பக்கம் எழுதி, நல்லதைக் கண்ட நாளில் ஒரு கோடு இழுத்து வந்தாலே, நான் அந்தக் கோடை விடுமுறையில் கண்டதை நீங்களும் காண்பீர்கள்.

இந்த ஆண்டும் எனக்கு ஆறாம் வகுப்புத்தான். செயலி என் கைப்பேசியில் இருக்கிறது, பலகையில் இல்லை. வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்த பிறகு அந்த வார அறிக்கையைத் திறந்து, ஒரு புள்ளியும் பதிவாகாத பெயர்களை மட்டும் நாட்குறிப்பில் எழுதிக்கொள்கிறேன். போன வாரம் நான்கு பெயர்கள் இருந்தன. திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டைத் திறப்பதற்கு முன்னால் அந்த நால்வரின் பெஞ்சுக்கும் நடந்து போய், அவரவரிடம் ஒரு நிமிடம் நின்று பேசினேன்.